பம்புத் தோல்

என் மருமகனுக்குப் பழைய கார் பைத்தியம். எங்கோ ஒரு ஷெட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியை வாங்கி வந்து, வேலூரில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறார். பெயிண்ட் அடித்தாயிற்று, சீட் தைத்தாயிற்று. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, நின்ற இடத்தில் நன்றாகவே உறுமுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் விக்கல் எடுத்தவன் மாதிரி ஒரு நொடி திணறிவிட்டுத்தான் நகர்கிறது. பிளக்கை மாற்றினார், பாயிண்டைத் தேய்த்தார், பெட்ரோல் லைனை ஊதினார். விக்கல் போகவில்லை. கார்புரேட்டருக்குள் போடுகிற உதிரிகளையெல்லாம் ஒரே பையில் போட்டு விற்கிறார்கள் என்று இணையத்தில் பார்த்து வரவழைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை பையைப் பிரித்து, பேனா மூடி அளவில் இருந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

“மாமா, நீங்க தோல் பேக்டரில இருந்தவருதான? இது இன்னா தோலு, பாருங்க.”

மோந்து பார்த்தேன். மரப்பட்டையில் பதனிட்டு, எண்ணெயில் ஊற வைத்த தோல். பெயிண்ட் இல்லை. “பட்டைத் தோலு, சரியானதுதான், போடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். மருமகன் என் மகளிடம், மாமா பிரஷர் மாத்திரை போட்டாரா என்று விசாரித்தார். பாவம், நல்ல பிள்ளை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது இன்ஜினுக்கு ஒரு மடக்கு பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அதைப் பீச்சுவதற்குப் பழைய கார்புரேட்டர்களில் டாக்டர் வைத்திருக்கும் சிரிஞ்சு மாதிரி ஒரு குட்டிப் பம்பு இருக்கும். அதன் தலையில் தொப்பியாக உட்கார்ந்திருப்பது இந்தத் தோல். அது காய்ந்து சுருங்கினால் பெட்ரோல் பீச்சாது, வண்டி விக்கும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அருள்தாஸ். என்னை விட ஒரு வயது சின்னவன், ஆனாலும் வாடா போடா சிநேகம். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் முதலாளியின் கார் டிரைவர்.

நான் அங்கே பினிஷிங் பிரிவில் சூப்பர்வைசர். பதனிட்ட தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற இடம். டிப்ளமா முடித்த கையோடு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். தலை கால் புரியவில்லை. தீபாவளிக்குக் கூட அந்தக் கோட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் போகிற வெளியூர்க்காரர்கள் ஆம்பூர் வந்ததும் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது சம்பளத்தின் வாசனை. என் சட்டைகளில் பெயிண்டும் தின்னரும் மணக்கும். அம்மா அவற்றைத் தனியாகத்தான் துவைப்பார்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எது லொடலொடத்தாலும் ஒரு துண்டுத் தோலைத் தேடுவோம். கதவு ஆடினால் கீலுக்கடியில் தோல். அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் தோல் வாஷர். மாதா கோயில் பெஞ்சு தரையைக் கீறினால் காலுக்குத் தோல். தொழிற்சாலைக் கழிவில் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், யாரும் எதையும் கடையில் போய் வாங்கியதில்லை. எல்லோரும் தோலில் பண்டிதர்கள். நான் சர்டிபிகேட் வைத்திருந்த பண்டிதன்.

முதலாளியிடம் அவர் அப்பா காலத்துக் கறுப்பு அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு பார்க்க வருகிறவர்களை அதில்தான் ஏற்றுவார். அந்தக் காருக்கு விக்கல் வந்தது. தாஸ் கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் அசைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னான். பெட்ரோல் நூலாகப் பீச்ச வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பம்பை உருவினான். தோல் கருவாடாகக் காய்ந்திருந்தது. சென்னைக்குக் கேட்டு எழுதியதற்கு, அந்த மாடலுக்கு இனி உதிரி எதுவும் வராது என்று பதில் வந்துவிட்டது.

“டேய், ஒரு விரக்கடை பட்டைத் தோலு வெட்டிக் குடு. பெயிண்ட் போட்டது வேணாம், அது பேஜாரு” என்றான் தாஸ்.

பட்டைத் தோல் எங்கள் பிரிவில் இல்லை. மைதானம் தாண்டிப் பழைய குடோனுக்குப் போக வேண்டும். உச்சி வெயில். என் மேஜை மேல் ஏற்றுமதிக்குப் போகிற முதல் தரத் தோல், வெண்ணெய் மாதிரி, செம்மண் நிறத்தில். இவன் ஒரு டிரைவர், தோலைப் பற்றி எனக்குச் சொல்கிறானா என்றும் ஒரு நினைப்பு. அதிலேயே வெட்டி, வட்டமாக அச்சில் அழுத்தி, கிரீஸை அப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இன்னாடா, பெயிண்ட் வாசனை அடிக்குது?”

“பேக்டரியே அந்த வாசனைதான்டா. பட்டைத் தோலுதான், போடு.”

நம்பி மாட்டினான். மிதித்ததும் கார் பாய்ந்தது. என் முதுகில் தட்டினான். மூன்று நாள் ராஜா மாதிரி ஓடியது. நாலாவது நாள், தோல் வாங்க வந்த வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு முதலாளி ஏலகிரிக்குக் கிளம்பினார். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் நின்றது நின்றதுதான். பின்னால் பஸ்கள் வரிசை கட்டின. பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். முதலாளி கோட்டைக் கழற்றிவிட்டு அவரும் தள்ளினாராம். வெள்ளைக்காரர் கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தாராம். தொழிற்சாலை லாரி போய்க் கட்டி இழுத்து வந்தது.

மறுநாள் காலை ஷெட்டில் கார்புரேட்டரைப் பிரித்தார்கள். பெட்ரோல் போகிற நுண்ணிய துளைகளில் பிசின் மாதிரி செம்பழுப்பாக அடைத்திருந்தது. மேனேஜர் முதலாளியின் மச்சான். தாஸை அவருக்கு முன்பே ஆகாது. “பெட்ரோலை வித்துட்டு கிருஷ்ணாயில் ஊத்திக்கினு இருக்கான்” என்றார். தாஸ், “என் அம்மா மேல சத்தியமா இல்ல சார்” என்றான். அப்போது முதலாளி, எனக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அந்த அடைப்பைச் சுரண்டி வைத்திருந்த பாத்திரத்தை என் முன் நீட்டினார்.

“நீ கெமிக்கல் படிச்சவன். மோந்து பாத்து சொல்லுப்பா. இன்னா அது?”

மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. அந்த வாரம் நான் கலக்கிய நிறம். பெயிண்டும் அதற்கடியில் பூசிய மெழுகும் பெட்ரோலில் ஊறிக் கரைந்து வந்திருந்தன. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் இன்னும் நிரந்தரமாகவில்லை, அடுத்த மாதம்தான் ஆர்டர் வரும். இதெல்லாம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். பயம், அவ்வளவுதான். பயத்தோடு அந்த வெள்ளைக் கோட்டும்.

“ஏதோ கலந்திருக்கற மாதிரிதான் தெரியுது சார்” என்றேன்.

பொய் என்று கூட அதைச் சொல்ல முடியாது. அவ்வளவு கெட்டிக்காரன் நான். தாஸ் என்னைப் பார்த்தான். சாவியை பானட் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றோடு அவன் பெயர் கிருஷ்ணாயில் தாஸ் ஆனது. இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கிருஷ்ணாயில் என்றால் மண்ணெண்ணெய் என்று விளக்க வேண்டியிருக்கும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை ஒரு முதலாளியும் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. காவேரிப்பாக்கத்தில் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்டு வண்டி ஓட்டியவன், வேலூர்ப் பக்கம் ஒரு மண்டியில் உப்பு வடியும் பச்சைத் தோலைத் தலையில் சுமந்தான், பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆர்டர் வந்தது. கல்யாணம் ஆனது. வீடு கட்டினேன். அவனைத் தேடிப் போகவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொண்டேன்; வெட்கம் இருந்தவன் போயிருப்பான்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் வேலூர் லாங் பஜாரில், வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டிக்கு வழிவிட ஒதுங்கினேன். தள்ளிக்கொண்டு வந்தவன் தாஸ். முடியெல்லாம் போய், கன்னம் ஒட்டியிருந்தது. வண்டியை ஓரங்கட்டி டீ சொன்னான், எனக்கும் சேர்த்து. நான் உளற ஆரம்பித்தேன். அந்தத் தோல், அந்தப் பெயிண்ட் என்று. அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

“அப்பவே தெரியுண்டா. உன் நகத்துல இருந்த கலருதான் அந்த அடைப்புலயும் இருந்திச்சி.”

“அப்பறம் ஏன்டா நீ சொல்லல?”

“நான் சொன்னா திருடன் சொல்றதாத்தான இருக்கும்? நீ சொல்லணும். கேட்டுக்கு எதுர டீக்கடைல மூணு நாளு குந்தினு இருந்தேன். டூட்டி முடிஞ்சி வருவ, உள்ள இட்டுனு போயி சொல்லுவன்னு. நீ பின்னாடி கேட்டு வழியா போய்ட்ட.”

ஆமாம். மூன்று நாளும் கழிவுக் கால்வாய் ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அவன் எதிரே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். டீக்கு அவனே காசு கொடுத்துவிட்டு, “வர்றேன்” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கம்மியாக வலித்திருக்கும்.

அந்தத் தொழிற்சாலை இப்போது கல்யாண மண்டபம். எதிரே இருந்த டீக்கடை ரோடு அகலப்படுத்தியதில் போய்விட்டது. காரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். முதலாளி இல்லை, மேனேஜர் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. போன மழைக்காலத்தில் தாஸும் செத்துப்போனான். போனேன், அதற்கு மட்டும் போனேன். தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், கிருஷ்ணாயில் தாஸ். பக்கத்தில் நின்ற அவன் பேரன், காலேஜ் படிக்கிறவன், நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

“தாத்தா அந்தக் காலத்துல கிருஷ்ணாயில் ஏவாரம் பண்ணாராம் சார், அதான் அந்தப் பேரு. நீங்க அப்ப கூட இருந்தவரா?”

“ஆமாம்பா, ஏவாரம்தான்” என்றேன்.