1971 முத்திரை விழுந்த அஞ்சலட்டை

“அக்காவுக்கு, இங்கு எல்லோரும் நலம். பொங்கல் கழித்து மூன்றாம் நாள் தேவிகாபுரம் வருகிறோம். வண்டியில் கூட்டம் என்றால் அடுத்த வண்டி.” பெரியம்மாவின் தகரப்பெட்டியில் கிடைத்த இந்த அட்டை, ஆரணியிலிருந்து அவளுக்கு என் அம்மா எழுதியதாக, அம்மாவின் பெயரில் போனது. முத்திரையில் நாள் அழிந்துவிட்டது. ஆண்டு மட்டும் தெளிவாக இருக்கிறது, 1971. சிக்கல் அதில்தான். அம்மாவுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அது 1974-இல். வீட்டு நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகக் குறித்துவரும் என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் கணக்கில் தோற்றேன். சின்னப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வெட்கப்பட்டு, இனிப் பள்ளிக்குப் போவதில்லை என்றேன். அப்பா தறியிலிருந்து தலை தூக்காமல், “அப்போ நூல் சுத்தட்டும்” என்றார். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் பலர் அப்படித்தான் பள்ளியை விட்டு ராட்டை முன் உட்கார்ந்தார்கள். அம்மா அவரை எதிர்க்கவில்லை. சோறு போடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: “ராட்டைல உக்காரு, யாரு வேணான்னது? மொதல்ல என் பேரு எழுத சொல்லிக்குடுடீ. ரேஷன் கடையில கைநாட்டு வெக்கறது பேஜாரா கீது.”

என் சிலேட்டு உடைந்திருந்தது. அறுந்ததென்று ஒதுக்கிய சிவப்புப் பட்டு நூலைப் பாயின்மேல் வளைத்து வளைத்து எழுத்துகளைக் காட்டினேன். அம்மா தப்புத் தப்பாகக் கற்றாள்.

“இன்னாம்மா நீ, நேத்துதான சொன்னேன்!”

“உன் டீச்சரும் இப்டிதான் கத்துவாங்களா?”

ஒருவழியாகப் பெயர் வந்தது. அடுத்து வகுத்தல் கேட்டாள். எனக்கே வராத வகுத்தல். “தெரிலன்னா கேட்டுகினு வா. ஸ்கூல் இன்னா சீமையிலயா கீது?” அம்மாவுக்காகக் கேட்டுவரத்தான் போனேன். அப்படிப் போகத் தொடங்கியவள் பிறகு நிறுத்தவே இல்லை. என் முதல் மாணவி என்று அம்மாவைப் பற்றி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

1986-இல் என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். வாய்விட்டுப் படிக்கும்போது திக்கியதற்குப் பிள்ளைகள் சிரித்துவிட, புத்தகத்தைத் தொடவே மறுத்தாள். அம்மா அவளருகே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். “ஆயாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாதுடா கண்ணு. நீதான் சொல்லித்தரணும்.” அடுக்களை வாசலில் நின்ற நான் வாய் திறக்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மகளின் குரல் உயர்ந்தது. “ஐயோ ஆயா, இதுகூடவா தெரியாது!”

“உன் டீச்சரும் இப்டிதான் கத்துவாங்களா?”

முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி உள்ளே போனவள், அடுப்பருகே அப்படியே நின்றுவிட்டேன். அதே கேள்வி, அதே அப்பாவிக் குரல். மறுநாள் அம்மாவிடம் நேராகவே கேட்டேன்: “நான் சொல்லித் தரதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?” முறத்திலிருந்து கண்ணெடுக்காமல், “நீ நல்லாதான் சொல்லிக்குடுத்த” என்றாள்.

இப்போது அம்மா, பெரியம்மா இருவருமே இல்லை. அட்டை என் மேசையில் இருக்கிறது. அம்மாவின் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தேன், ஒத்திருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் பிறருக்குக் கடிதம் எழுதித் தந்தவர்கள் அந்நாளில் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். எழுதிய கை யாருடையது என்பதை இதுவரை சரிபார்க்க முடியவில்லை. குறிப்பேட்டில் 1974-க்கு நேரே உள்ள வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.