தங்க எழுத்து அழிந்த சவரக்கத்தி

ஞானப்பிரகாசம் சாரின் மகள் ஷீபாவின் போன் வந்தபோது என் பாதி முகத்தில் சோப்பு நுரை இருந்தது. வலது கன்னத்தை முடித்துவிட்டு, இடது கன்னத்துக்குக் கத்தியை மாற்றிப் பிடித்திருந்தேன். "அங்கிள், அப்பா போயிட்டாங்க" என்றாள். பிறகு, "மத்தியானம் திருச்சிக்குக் கொண்டுபோறோம். வரும்போது அந்தக் கத்தியை எடுத்துட்டு வாங்க" என்றாள். எந்தக் கத்தி என்று நான் கேட்கவில்லை. அது என் கையில்தான் இருந்தது.

ஞானப்பிரகாசம் சாரை எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில் தெரியாதவர் யார்? அரசு ஆஸ்பத்திரியில் நமக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவர். "சாப்பிட்ட பிறகு" என்று மூன்று தடவை சொல்லி, நான்காவது தடவை நம்மையே சொல்லவைத்துவிட்டுத்தான் சீட்டைத் தருவார். வேலையில் ஓய்வு பெற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கும் ஆட்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவர் மட்டும் வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அவருக்கு இன்னொரு வேலை இருந்தது பலருக்குத் தெரியாது. பிளேடு வருவதற்கு முந்தைய காலத்து மடக்குச் சவரக்கத்திகளை எங்கெங்கிருந்தோ வாங்கி, எங்கெங்கோ விற்பார். தபால்காரன் என்பதால் எல்லாப் பார்சலும் என் பையில்தான் மலையேறும். நானோ அப்படிப்பட்ட கத்தியில் தினமும் முகம் மழிக்கிறவன். சும்மா இருப்போமா? பழைய கத்திக்கு அதிக விலை கொடுப்பது யார் என்று பார்த்த இடத்திலெல்லாம் சண்டைதான்.

"சேகரிக்கிறவன்தான் அதிகம் குடுப்பான், போஸ்ட்மேன். பழைய பெட்டி இருக்கணும், கைப்பிடி மாத்தியிருக்கக் கூடாது, ஒருத்தன் தாடையிலயும் பட்டிருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு கிடைச்சா விலையே கேக்கமாட்டான்."

"மூஞ்சியில படாத கத்தி என்னத்துக்குங்க சார்? நல்ல இரும்பா, தீட்டுனா கூர் நிக்குதான்னு பாத்துத் தினமும் சவரம் பண்றவந்தானுங்க மனசாரக் குடுப்பான்."

"மனசாரக் குடுப்பான். ஆனா கம்மியாக் குடுப்பான்!"

ஒன்று சொல்ல வேண்டும், அவர் நியாயமான ஆள். பெட்டி தொலைந்து, கைப்பிடி விரிசல் விட்ட கத்தியை, சேகரிக்கிறவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், அதைத் தீட்டிக் கொடுத்தால் உங்களைப் போன்றவர்கள்தான் வாங்குவார்கள் என்று அவரே ஒத்துக்கொள்வார். "அவன் கதைக்குக் குடுக்கிறான், நீங்க கூருக்குக் குடுக்கிறீங்க" என்பார். ஆனாலும் பெரிய விலை கதைக்குத்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. வீட்டுக்காரர், "நீங்களே மாத்திக்கிறதுன்னா இருந்துக்குங்க" என்று கையை விரித்துவிட்டார். சாருக்கு அப்போதுதான் கை நடுக்கமும் தொடங்கியிருந்தது. திருச்சிக்கு வந்துவிடுங்கள் என்று மகள் ஷீபா தினமும் போனில் கெஞ்சினாள். அவருக்கு மலையை விட மனமில்லை. கைவசம் ஒரு கத்தி இருந்தது. பழைய அட்டைப்பெட்டியோடு, அலகில் தங்கநிறத்தில் ஆங்கில எழுத்தோடு, ஒரு நாளும் பயன்படாத கத்தி. கோயமுத்தூரில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். அது விற்றால் கூரை மாறும், கூரை மாறினால் அவர் இங்கேயே இருப்பார். "எனக்குக் கட்ட வரலை, நீங்களே பார்சல் போட்டு அனுப்பிடுங்க" என்று என்னிடம் கொடுத்தார்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து பலாப்பழம் போனாலும் துடைத்துத்தான் போகும். அழுக்கோடு ஒரு பொருளை அடுத்தவர் கையில் கொடுத்தால் எங்களுக்குத்தான் கேவலம். கத்தியின் அலகு மங்கிக் கிடந்தது. குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கல்லில் வைத்துக் கூரும் ஏற்றினேன். பளபளவென்று முகம் தெரிந்தது. எழுத்தைத்தான் காணோம். தங்கமெல்லாம் துணியில் ஒட்டியிருந்தது.

"அடப் பாவி மனுசா, அந்த சாரு ஊட்டுக் கூரையில்ல இது!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். சார் ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடியாவே ஆக்கிட்டீங்களே, போஸ்ட்மேன்" என்றார். அவ்வளவுதான். கோயமுத்தூர்க்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். சார் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துச் சட்டைகளை மடித்துவைக்க ஆரம்பித்தார். நான்கு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த வாரம்தான் மிளகு விற்றிருந்தேன். அந்தப் பணத்தை மனைவியிடம் கேட்டேன், எடுத்துக் கொடுத்தாள். திரும்பிப் போய்ச் சாரிடம் நீட்டினேன். "இந்தக் கத்திய நானே எடுத்துக்கறேனுங்க சார். கோயமுத்தூர்க்காரர் சொன்னதுக்கு மேல ஒரு ரூவா வெச்சிருக்கறேன்."

அவர் பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷம் சண்டை போட்டு ஜெயிச்சிட்டீங்களேய்யா! சவரம் பண்றவன்தான் அதிகம் குடுத்திருக்கான்!" பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் முன் அந்தக் கத்தியால் நான் அவருக்குச் சவரம் செய்துவிட வேண்டும்.

அடுத்த மழைக்குள் புதுக் கூரை வந்தது. அதன் கீழ் இரண்டு வருட ஞாயிறுகள். கத்தி கழுத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஒரே பேச்சு: "பார்த்து போஸ்ட்மேன், பழைய சரக்கு. விலை போகாது."

ஷீபா போன் செய்த அன்று நான் சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். இடது கன்னம் மழிக்காமல் அப்படியே இருந்தது. வெந்நீர் வைத்து, நுரை போட்டு, சாரின் இரண்டு கன்னங்களையும் முடித்தேன். கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் பேச்சு வராமல் எப்படி இழுப்பது? பின்னாலிருந்து ஷீபா, "பார்த்து அங்கிள், பழைய சரக்கு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். அதுவரை அடக்கியிருந்த நானும் அழுதேன். அழுதுவிட்டுத்தான் கழுத்தை முடித்தேன்.

சாரிடம் இருந்த மற்ற கத்திகளைக் கோயமுத்தூர்க்காரரே எடுத்துக்கொண்டார். போன வாரம் எனக்குப் போன் செய்து, எழுத்து இல்லாவிட்டாலும் சார் வைத்திருந்தது என்பதால் அதையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விலையும் சொன்னார், குறைவில்லை.

"இல்லீங்க, அது வேலையில இருக்குதுங்க" என்றேன்.

அந்தக் கத்தி என்னிடம் இருக்கிறது. தினமும் கூர் தீட்டும் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு முகம் மழிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு இழுப்பு. இரண்டு பேருக்கான கூர்.