திருநீறு பூசிய விரல்

காலில் ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மகள் களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருநீறு கொண்டுவந்தாள். புண்ணைச் சொறிந்த விரலாலேயே வார்டில் பதினொரு பேருக்கு அதைப் பூசிவிட்டேன்.

மறுநாள் தாதி சொன்னார்: "ஐயா, உங்கட புண்ணில இருக்கிற கிருமி, குடுத்த மருந்து ஒண்டுக்கும் சாகுதில்ல. இனி ஒருத்தரையும் தொடாதீங்க."

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவரைக் கூப்பிட்டு, "பதினொரு பேரைத் தொட்டுட்டன் மிஸ்," என்றேன்.

எல்லோரையும் பரிசோதித்தார்கள். பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. வயிற்றில் ஆபரேஷன் செய்திருந்த தேற்றாத்தீவுக்காரருக்கு மட்டும் அதே கிருமி இருந்தது.

"உங்களாலதான் எண்டு ஆர் கண்டது அண்ணன்? பிள்ளையாரையும்தான் விசாரிக்கணும்," என்று அவர் சிரித்தார். எனக்கும் தெரியாது, அதுதான் பயம்.

வேறொரு மருந்தில் என் புண் ஆறி வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாளாகிறது. தினமும் வார்டுக்குப் போன் எடுத்துக் கேட்கிறேன். அவர் இன்னும் அந்தக் கட்டிலில்தான் இருக்கிறார்.