சிம்கோ ஏரிக்கு முருகனின் சம்மதம்

கனடாவில் உறைந்துபோன ஏரியில் துளை போட்டு மீன் பிடித்திருக்கிறேன் என்று சொன்னால், எல்லோரும் மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு பெரிய மீன், எத்தனை பிடித்தீர்கள், குளிரவில்லையா என்று. மீன் பிடிப்பது ஒரு பெரிய வித்தையே இல்லை. நூலை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது தன் பாட்டில் வந்து மாட்டும். எங்கள் அம்மாவிடமிருந்து 'ஓம்' என்ற ஒரு சம்மதச் சொல்லைப் பிடித்ததுதான் உண்மையான வேட்டை. அது நடந்தது பேர்லினில், நொய்கெல்னில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டில். அதை முன்னின்று நடத்தியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பாவின் ஒரே அண்ணன் ரொறன்ரோவில் இருந்தார். ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் ஏஜென்சிக்காரன் ஒருவரைக் கனடாவுக்கும் மற்றவரை ஜெர்மனிக்கும் அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு இருவரும் நேரில் சந்திக்கவேயில்லை. ஒருமுறை விசா சரிவரவில்லை, ஒருமுறை லீவு கிடைக்கவில்லை, ஒருமுறை நான் பிறந்துவிட்டேன். கடைசியில் அப்பாவுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் வந்தது. ஆனால் அவர் சமையல் செய்த இத்தாலிய உணவகத்தில் கோடையில் லீவு கேட்பதும் முதலாளியிடம் சொத்தில் பங்கு கேட்பதும் ஒன்றுதான். பெப்ரவரியில் சாப்பிட வருகிறவர்கள் குறைவு, எனக்கும் பள்ளிக்கூட விடுமுறை. ஆகவே போனால் பெப்ரவரியில்தான்.

"வாடா தம்பி," என்று பெரியப்பா போன் திரையில் முழங்கினார். "ஏரியில ஐஸுக்கு மேல குடில் ஒண்டு வாடகைக்கு எடுத்து வைக்கிறன். உள்ளுக்க அடுப்பு எரியும். ஓட்டையைப் போட்டு மீனைப் பிடிச்சு, அதைப் போட்டு அங்கையே கூழ் காய்ச்சுவம்."

எங்கள் குடும்பத்தில் யாரும் தூண்டில் தொட்டவர்கள் இல்லை. அண்ணனும் தம்பியும் மீனைக் கண்டது சந்தையில் மட்டும். ஆனால் பெரியப்பா ஒரு பனிக்காலம் நண்பர்களோடு சிம்கோ ஏரிக்குப் போய்வந்த நாளிலிருந்து கப்பல் தலைவர் மாதிரிக் கதைக்கத் தொடங்கியிருந்தார். அப்பாவோ உணவகத்தில் ஆயிரக்கணக்கான மீன்களை வெட்டியவர், ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை. அன்று போனை வைத்தபோது அப்பாவின் முகத்தில் என் வகுப்புப் பையன்களின் களை இருந்தது.

"ஐஸ் உடைஞ்சால்?" என்று அம்மா கேட்டார். அத்தோடு களை போய்விட்டது.

ஏரியை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு மட்டும் போய்வரலாமே என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். "அங்க போனால் அண்ணனும் தம்பியும் எனக்கு ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டு ஏரிக்குப் போவியள்," என்றார் அம்மா. அது முழு உண்மை.

இந்த இடத்தில்தான் நான் தளபதிப் பதவியை ஏற்றேன். பள்ளிக்கூடக் கணினியில் ஐஸைப் பற்றி இருந்ததையெல்லாம் வாசித்தேன். அரைச் சாண் தடிப்பு இருந்தால் ஆள் நிற்கலாம், ஒன்றரைச் சாண் இருந்தால் கார் போகலாம் என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா நம்பவில்லை. அப்படியானால் கண்முன்னே காட்டுவது என்று முடிவெடுத்தேன். குழந்தையில் என்னைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பிப் பால்கனியில் வைத்தோம். பேர்லின் ஜனவரி எங்கள் பக்கம் நின்றது. ஒரு சில நாளில் தொட்டியின் மேல் தண்ணீர் கல்லாக இறுகிவிட்டது.

அப்பா ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றார். அம்மா கதவுக் கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்த்தார்.

"பாருங்கோ அம்மா, அரைச் சாண் ஐஸ்தான். அப்பா முழுசா நிக்கிறார்!"

நின்றதோடு இறங்கியிருக்க வேண்டும். வெற்றி தலைக்கேறி அப்பா ஒரு துள்ளுத் துள்ளினார். அதை யார் செய்யச் சொன்னது? தொட்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பிளந்தது. அடியில் உறையாமல் கிடந்த தண்ணீர் முழுவதும் கீழ் வீட்டு ஜெர்மன் கிழவரின் பால்கனிக்கு இறங்கியது.

கிழவர் கோபத்தோடு படியேறி வந்தார். நான் ஜெர்மனில் விஷயத்தை விளக்கினேன். மீன்பிடி என்று கேட்டதும் அவருடைய கோபம் எங்கேயோ போய்விட்டது. எந்த ஏரி, என்ன மீன் என்று விசாரித்தார். இந்த நாட்டில் தூண்டில் போடுவதென்றால் முதலில் படித்துப் பரீட்சை பாஸாக வேண்டும் என்று பெருமையாகச் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பி, "மீன் பிடிக்கிறதுக்கும் அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சியோ?" என்று கேட்டார். கிழவர் அதோடு போயிருக்கலாம். நல்லெண்ணத்தில், தான் சிறுவனாக இருந்தபோது ஏரியில் ஐஸ் உடைந்து இடுப்பளவு விழுந்த கதையையும் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு ஜெர்மன் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். தேவையான சொற்கள் எல்லாம் அவருக்கு நன்றாக வரும்.

"நான் சொல்லிப்போட்டன்," என்றார் அம்மா. "என்ரை வாயால ஓம் எண்டு ஒருநாளும் வராது."

அம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்கும் அது தெரியும். அடுத்த நாள் அவர் வாசலருகே நின்றபடி, வரவில்லை என்று சொல்ல அண்ணனுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

"அண்ணை, இந்த முறையும் ஏலாது போலக் கிடக்கு," என்றார் அப்பா. பிறகு அவரே பகிடி விட்டார். "இனி என்ன, தூண்டிலில புழுவை நீங்களே தனியக் குத்துங்கோ."

"நானோ? எனக்குப் புழுவைத் தொட அருவருப்படா! உன்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தான்!"

அப்பா சிரித்தார். முதலில் மூக்கால் வந்தது, பிறகு வாயால் வந்தது, பிறகு நிற்க முடியாமல் சப்பாத்துத் தட்டின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மறுமுனையில் கப்பல் தலைவரும் இருமி இருமிச் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உணவகத்திலிருந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுச் செய்தி பார்த்தபடியே தூங்கிவிடும் மனிதர் அவர். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயைப் பூட்டினார். எட்டிப் பார்த்தேன். கையில் சவர்க்கார நுரையோடு சும்மா நின்றார். சத்தம் போட்டதற்கு இனி ஏச்சு விழப்போகிறது என்று நினைத்து மெல்ல விலகிவிட்டேன்.

ஏச்சு விழவில்லை. மறுநாள் மாலை தலை பின்னிவிடும்போது, "குடில் எந்தக் கிழமைக்காம்?" என்று அம்மா கேட்டார்.

நான் பாய்ந்துபோய்ப் பெரியப்பாவைப் போனில் கேட்டேன். எங்கள் விடுமுறை வாரத்தில் மற்ற நாட்களை வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை மட்டும்தான் மிச்சம்.

"வெள்ளிக்கிழமை மீனோ!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டையின் வாசம்கூட ஆகாது. பெரியப்பா இருபது வருடக் கனடாவில் இதையெல்லாம் மறந்துவிட்டார்.

ஆனால் தளபதி மறக்கவில்லை. "பிடிக்கிறதுதானே அம்மா வெள்ளிக்கிழமை, சாப்பிடுறது இல்லையே. அங்க ஏரி முழுக்க பிரிட்ஜ்தானே, பழுதாகாது."

"சனிக்கிழமையும் ஏலாது."

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவம்."

அம்மா சிரிப்பை அடக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பின்னலை ஒரு இழுப்பு இழுத்து முடிந்தார். குடிலுக்குள் காலடியில் மீனைக் குவித்து வைத்துக்கொண்டு மரக்கறிக் கூழ் காய்ச்சுவது என்று அன்றே திட்டத்தைத் திருத்தினோம். பெரியப்பா முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆனாலும் 'ஓம்' இன்னும் வரவில்லை. "என்ரை வாயால வராது எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அம்மா. "முருகன் சொல்லட்டும்."

எங்கள் வீட்டில் முருகனைக் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. வீடு மாறுவதா, என்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் அம்மா பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். முருகன் சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆகவே அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மாலை அம்மாவும் நானும் சுரங்க ரயில் வாசலில் இருந்த பூக்கடைக்குப் போய் ஒரு கட்டு வெள்ளைச் செவ்வந்தியும் ஒற்றைச் சிவப்புக் கார்னேஷனும் வாங்கி வந்தோம்.

அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூக்களை அலுமினியத் தாளில் சுற்றினார். வெளியே வந்தபோது கையில் ஒரே மாதிரி இரண்டு பொட்டலங்கள் இருந்தன. சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். அப்பா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எடுக்க வேண்டியது நான். வலதா இடதா என்று கை இரண்டு முறை போய்த் திரும்பியது. இடதை எடுத்துப் பிரித்தேன்.

வெள்ளை.

நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக் கிழவர் மறுபடியும் தண்ணீர் வருகிறதென்று நினைத்திருப்பார். அப்பா அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். "முருகன் சொல்லிப்போட்டார். இனி நான் என்ன சொல்ல," என்று அம்மா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெங்காயம் வெட்டப் போய்விட்டார்.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் போரில் வென்ற தளபதி களத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டாமா? பிரித்தேன். அதற்குள்ளும் வெள்ளைப் பூ.

"அப்பா! மற்றதும் வெள்ளை! சிவப்பை முருகன் வெள்ளையாக்கிப்போட்டார்!"

அப்பா அந்தப் பூவை வாங்கிப் பார்த்தார். பிறகு சமையலறையைப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை, வெங்காயம் மட்டும் முன்னைவிட வேகமாக வெட்டுப்பட்டது.

"முருகன் நினைச்சால் என்னவும் செய்வார், பிள்ளை," என்றார் அப்பா. எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை அவரே வெட்டினார்.

நான் உடனே ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து, வாறம், முருகனுக்கு எங்களைவிட அவசரம், பூவின் நிறத்தையே மாற்றிவிட்டார் என்று பெரியப்பாவுக்கு அறிவித்தேன். அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் அதே அதிசயத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். உலகத்தில் அப்போது என்னைவிட வெற்றி பெற்றவர் யாரும் இல்லை. பூ எடுத்த அன்றிரவு தண்ணீர் குடிக்கப் போனபோது, சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குவளையில் அந்தச் சிவப்புக் கார்னேஷன் நறுக்காத தண்டோடு நிமிர்ந்து நின்றதைக் கண்டேன். அழகாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். சிவப்பு வந்துவிடுமோ என்று அந்த வீட்டில் எங்கள் எல்லோரையும்விட அதிகம் பயந்தவர் அம்மாதான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.