சுபாஜினியின் நான்கு தொட்டிகள்

இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்த பிள்ளை. மூன்றாம் தடவையில் உயர்தரம் சித்தியடைந்து, எங்கள் தெருவிலிருந்து முதலாவதாகப் பல்கலைக்கழகம் போய், முதல் வகுப்புப் பட்டம் எடுத்து, முதுதத்துவமாணி ஆய்வுக்கும் இடம் பிடித்தவள் என் தங்கை சுபாஜினி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுடைய சான்றிதழ்களை ஆண்டுவாரியாக ஒரு கோவைக்குள் தாள்தாளாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

2023 தையில் மயிலிட்டியில் எங்கள் கொட்டிலுக்குள் நான்கு கடல்நீர்த் தொட்டிகள் வைத்தாள். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு கரையக் கரையக் கடல் புளிக்கிறது. அந்தப் புளிப்பில், உடம்பில் சுண்ணாம்பு பிடித்த விசிறிப்பாசி இன்னும் கூடக் காபனை உறிஞ்சுமா, அல்லது சோர்ந்துவிடுமா? அதுதான் ஆய்வு. இரண்டு தொட்டிகளுக்கு அந்த வாயுவைக் குமிழியாக விட்டாள். தொட்டியில் எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவுக்கு, போத்தலில் வரும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவது என் வேலை. குறித்த கோட்டுக்கு ஒரு சொட்டும் கூடவிடமாட்டேன்.

பதினான்கு மாதங்கள் போயின. வாயு விட்டும் தண்ணீரின் புளிப்பு குறைந்துகொண்டே வந்தது. பாசிதான் காபனை உறிஞ்சுகிறது என்று எழுதினாள். பேராசிரியர் பாராட்டினார். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதம் இருந்தபோது, கட்டிலுக்குக் கீழே மூடி திறக்காத அந்தப் போத்தல்களைக் கண்டாள்.

"அக்கா, தொட்டிக்கு என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணிதான். துணியிலை வடிச்செல்லோ விட்டனான். உந்தப் போத்தல் தண்ணியிலை ஒரு சத்தும் இல்லை."

"பாசிக்குச் சத்துத் தண்ணியோ!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்துபோய்த் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைக் கவிழ்த்து, அடியிலிருந்த வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எங்கள் கிணறு சுண்ணக்கல்லில் வெட்டியது. புளிப்பை முறித்தது பாசியல்ல, நான் ஊற்றிய சுண்ணாம்பு.

போத்தல் தண்ணீரோடு திரும்பச் செய்தாள். ஐந்தாம் வாரம் புளித்த தொட்டிகளில் பாசி வெளிறியது. தொட்டால் உதிர்ந்தது.

"ஒருத்தருக்கும் தெரியாது, சுபா. முந்தி எழுதினதையே குடுத்துவிடன்."

"அதை நம்பி ஆரும் கடல்லை பாசி நட்டால், அக்கா?"

முடிவுகள் பிழை என்று பேராசிரியருக்குக் கடிதம் எழுதினாள். புதிதாகச் செய்து முடிக்குமுன் காலக்கெடு தாண்டியது, ஆய்வு இடம் போய்விட்டது. இப்போது சுன்னாகத்தில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறாள். தொட்டிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. என் தவறு என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தக் கடிதத்தின் பிரதியையும் கோவையில் சேர்த்தேன். அங்கே மிகப் பழைய தாள் முகாமின் நிவாரண அட்டை. அப்பா இறந்தபிறகும் அட்டையில் நான்கு பேருக்கு அரிசி வந்தது. அம்மாவுக்குக் கையெழுத்து வராது. நான் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றேன். பன்னிரண்டு வயதுச் சுபா தனியே போய், நாங்கள் மூன்று பேர்தான் என்று சொல்லி, அப்பாவின் பெயரை வெட்டுவித்து, பக்கத்தில் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாக இட்டிருக்கிறாள்: 17.03.2009.