அத்தைக்குப் போட்ட குழாய்

தண்ணீர் சுத்திகரிப்புக்கு ஒரு கான்ட்ராக்டரை அமர்த்துமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. உரிமம் நடப்பில் இருக்கிறதா, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது யார், வடிகட்டி மணலை எப்போது மாற்றுவது, வேலை கெட்டால் பொறுப்பு யாருடையது. வேலைக்காலம் முழுவதையும் இப்படிக் கேட்டே கழித்து, அதற்காக ஓய்வூதியமும் வாங்குகிறேன். ஆனால் போன மாதம் திருநின்றவூர் வீட்டுக்கு வந்த கான்ட்ராக்டர், பின்கட்டுக் கிணற்றின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்த மண்ணு கொட்டித் தூத்துடலாம் சார், சும்மாதானே கீது" என்றபோது எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கிணற்றுக்கு மூடி போட்ட நாளைப் பார்த்தவன் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலைக்கு ரயிலில் போய்வந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவுடன் தெளிவாகத்தான் இருக்கும். குடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் துரு நிறத்துக்கு மாறிவிடும். சோறு பழுப்பாக வரும். பருப்பு அதில் ஒழுங்காக வெந்ததே இல்லை.

அந்தத் தண்ணீருக்காகத் தினமும் காலையில் அத்தை வருவார். அப்பாவின் அக்கா, தெருவின் எதிர்ச்சாரியிலேயே வாழ்க்கைப்பட்டவர். இடுப்பில் பித்தளைக் குடத்தோடு வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்பில் கொதிப்பதன் மூடியைத் திறந்து பார்த்து, தூங்கிக்கொண்டிருக்கும் என்னைக் காலால் ஒரு தட்டு தட்டி, அப்பாவின் இருமலை விசாரித்து, அதற்குப் பிறகுதான் கிணற்றடிக்குப் போவார். குடம் நிறைந்து வெகுநேரம் ஆனபின்னும் பேச்சு நிறையாது. "எங்கம்மா ஊட்டுத் தண்ணிலதாம்மே பருப்பு பஞ்சு மாரி வேவுது" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா குனிந்து பாத்திரம் தேய்ப்பதில் மும்முரமாகிவிடுவார்.

அந்த வருடம் தங்கைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, நாலைந்து நாள் எல்லோரையும் கலங்கடித்துவிட்டுத் தேறினாள். டாக்டர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அப்பாவுக்கு அது மிகச் சாதாரணமான யோசனையாகப் பட்டது. அம்பத்தூரிலிருந்து உரிமம் பெற்ற ஒரு கான்ட்ராக்டரை வரவழைத்தார். ஸ்கூட்டரில் வந்தவர் உரிம அட்டையை நீட்டினார். அப்பா அதை முழுக்கப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே உட்காரச் சொன்னார். இந்த வழக்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பதை என் கீழே வேலை பார்த்தவர்கள் அறிய வாய்ப்பில்லை.

கான்ட்ராக்டர் கெட்டிக்காரர். மோட்டார், மேலே தொட்டி, மணலும் கரியும் போட்ட வடிகட்டி, மருந்து. ஒரே ஒரு நிபந்தனை: கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்ட வேண்டும். கண்டவர் வாளியும் கயிறும் உள்ளே இறங்கினால் தாம் பொறுப்பல்ல. விதிமுறைப்படி அவர் சொன்னது சரி. இன்று நானும் அதையேதான் சொல்வேன்.

"அண்ணி வருவாங்களே?" என்றார் அம்மா.

அப்பா அதையும் யோசித்து வைத்திருந்தார். அக்காவுக்கு முழங்கால் வலி. எதற்காகப் பின்கட்டு வரை நடந்து வந்து குனிந்து இறைக்க வேண்டும்? தெருப்பக்கச் சுவரில் அக்காவுக்கென்றே தனியாக ஒரு குழாய் வைத்துவிட்டால் போயிற்று. கணக்கில் இல்லாத இந்த வேலையை கான்ட்ராக்டர் முகம் கோணாமல் செய்துகொடுத்தார்.

வேலை முடிந்த அன்று தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். முதலில் குழாயைத் திறக்க அப்பா அத்தையைத்தான் அழைத்தார். அத்தை வந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கொட்டியது. உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்.

"நல்லாத்தான்டா கீது" என்றார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் உள்ள வரவேணாமா?"

"இன்னாத்துக்குக்கா? தெருவுலயே புட்ச்சிக்கோ. இனிமே நீ உள்ள வர வேலையே இல்ல" என்றார் அப்பா, பெருமை பொங்க.

அத்தை குடத்தை நிரப்பினார். "சர்தான். தெருவுல போறவங்களுக்குக்கூட ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாராள மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்பா குழாயைச் சந்தேகித்தார். கான்ட்ராக்டர் வந்து வாஷரை மாற்றினார். மருந்து வாடை பிடிக்கவில்லையோ என்று மருந்தைக் குறைத்தார். குனிய முடியவில்லையோ என்று குழாயை ஒரு முழம் உயர்த்தி, குடம் வைக்கக் கீழே ஒரு கல்லும் பதித்தார். ஒவ்வொன்றையும் அப்பா மேற்பார்வை பார்த்தார். அம்மா மட்டும் வாசற்படியில் நின்று, "நீங்களே போய்க் கூட்டிகினு வந்துடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். வேலை முழுசாக முடியட்டும், கூட்டிவந்து காட்டுகிறேன் என்றார் அப்பா.

கடைசியில் என்னை அனுப்பினார்கள். அத்தை தன் வீட்டுப் பின்பக்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார். இனிப்பான தண்ணீர், எங்கள் புதுக் குழாயில் வருவதைவிட நன்றாக இருந்தது. நான் எத்தனையோ முறை எட்டிப் பார்த்து, கல் போட்டு, திட்டு வாங்கிய கிணறுதான் அது.

"உங்கப்பன் இருமுறானாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் ஓடிவந்தேன். அப்பா தெருப்பக்கச் சுவரில் குழாயைக் கையில் பிடித்தபடி கான்ட்ராக்டரோடு நின்றிருந்தார். நல்ல சேதியை எல்லோருக்கும் முன்னால் சொல்லும் பெருமையில் நான் கத்தினேன்: "அத்த ஊட்லயே கெணறு கீதுப்பா! நல்ல தண்ணி! அத்தைக்கு நம்ம தண்ணி வேணவே வேணாம்!"

அப்பா குழாயை மூடினார். ஏற்கெனவே மூடியிருந்ததை இன்னும் அழுத்தி மூடினார். அடுத்த வாரம் வந்து இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன் என்று கான்ட்ராக்டர் சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். குழாயில் கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது, அப்புறமும் ஏன் இவர் முகம் இப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.