அக்னி தீர்த்தத்துப் பாசி

1983 ஆடி அமாவாசைக்கு நான் ராமேஸ்வரம் புறப்பட்டபோது, பக்கத்துத் தோட்டத்துக் குப்பம்மாள் ஒரு காலிச் சாக்கை என் கையில் திணித்தாள்.

"அக்கா, கரையில பழுப்புப் பாசி ஒதுங்கிக் கெடக்கும். வலையில சிக்குதுன்னு மீன்காரங்க திட்டுவாங்க. காஞ்சதா ஒரு மூட்டை கொண்டாங்க."

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் அவள். மண்டபம் முகாமில் இருந்த மாதங்களில் பாசி காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்தாள். சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டால் பாசியின் சத்தெல்லாம் கூழாக இறங்குமாம். அது சிந்திய இடத்துக் கீரை மட்டும் கரும்பச்சையாகச் செழித்து நின்றதாம். இங்கே மலைமேல் கவுஞ்சியில் அவள் குத்தகைக்கு எடுத்த ஆறு பாத்திப் பூண்டும் வெளுத்துக் கிடந்தது. நிலத்துக்காரர் நாச்சிமுத்து, "ஆவணிக்குள்ள பச்சை கட்டலைன்னா வேற ஆளுக்கு விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார்.

மூட்டை வந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மூணு தண்ணி அலசுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். நாச்சிமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, பூண்டுக்கு மீன்கொழம்பா வைக்கிற?" என்றார்.

அலசினேன். அக்னி தீர்த்தக் கடலில் ஊறிய பாசியாயிற்றே! அந்த நீரை ஓடையில் விட மனசு வரவில்லை. முருகா என்று முதல் பாத்தியில் ஊற்றினேன். சாயங்காலம் குப்பம்மாள் தற்செயலாக அதே பாத்தியில்தான் கூழைக் கரைத்துத் தெளித்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அந்தப் பாத்தி கருகிவிட்டது.

"கூழு சுட்டுருச்சக்கா" என்று மிச்சக் கூழைக் கொட்டப் பானையோடு ஓடைக்கு நடந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, அலசின தண்ணீரை அந்தப் பாத்தியில் ஊற்றியதைச் சொல்லிவிட்டேன்.

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சாமி கடலுன்னா உப்பு கரிக்காதா அக்கா? வாங்க வெரசா!"

மிச்ச ஐந்து பாத்திக்கும் கூழை விளக்குமாற்றால் தெளித்தோம். ஒன்பதாம் நாள் வெள்ளனே, "அக்கா, ஓடியாங்க!" என்று கத்தினாள். ஐந்தும் பச்சை! முருகா, அப்படி ஒரு பச்சை!

ஆவணிக் கடைசியில் நாச்சிமுத்து ஒரு பூண்டைப் பிடுங்கினார். உள்ளங்கை நிறைந்தது. "மேல் தட்டு நெலத்தையும் குத்தகைக்கு நீயே போட்டுக்கம்மா" என்றார்.

குப்பம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அடுத்த ஆடிக்கு ரெண்டு சாக்கு அக்கா. தீர்த்தத்தைத் தனியா சொம்புல கொண்டாங்க."